பெருங்கலம் எது?

நீர்வேலி என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தே அதனைக் கடற்றுறை ஒன்றென எண்ணுவோர் பலர். தமிழகத்திலிருந்து வந்த அறிஞர் ஒருவர், அலைகளே வேலியாக அமைந்த ஊரோ என்று என்னிடம் ஒருமுறை வினவினார். பெயரின் அழகு அவரை அவ்வாறு எண்ணச் செய்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியிற் கோப்பாயைக் கடந்ததும் வருவது எங்கள் ஊர். செம்மண்ணும் கிணறும் வாழைத்தோட்டமும் புகையிலைத் தறையுமே அதன் செல்வம். இரகுவமிசத்தைத் தமிழிற் பாடிய அரசகேசரியின் பெயரால் வழங்கும் பிள்ளையார் கோயில் அங்குண்டு. 19ஆம் நூற்றாண்டிற் சங்கர பண்டிதரைத் தந்த பெருமையும் அதற்குண்டு. கப்பல் கட்டிய பெருமையோ கப்பல் ஓட்டிய பெருமையோ எங்களூர்க்கு இல்லை.

அத்தகைய ஊரிற் பிறந்த ஒருவன் பாய்மரக்கலங்களைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைவிக்கலாம். ஆயினும் நெடுநாளாக என் மனத்தில் ஒரு வினா இருந்து வருகின்றது. பாய்மரக்கலம் உடையோர் எதனைப் பெரிய கலம் என்று கொள்கின்றனர்? எத்தனை அடி நீளமானால் ஒரு கலம் சிறியது என்னும் நிலையிலிருந்து பெரியது என்னும் நிலைக்கு உயருகின்றது? அளவுகோலை எடுத்து அணியத்திலிருந்து பின்புறம் வரை அளந்தால் விடை கிடைத்துவிடும் என்றே கடலறியாதார் கருதுவர். கடலறிந்தாரைக் கேட்டால் ஒருவர்க்கொருவர் மாறுபட்ட விடை கூறுவர்; ஒவ்வொரு விடைக்கும் உரிய காரணமும் உண்டு.

இவ்வினாவை விளங்கிக்கொள்ள எங்கள் ஊர்க் காணி உறுதிகளே எனக்கு முதலில் உதவின. யாழ்ப்பாணத்தில் நிலத்தைப் பரப்புக் கணக்கில் அளப்பது வழக்கம். தோட்டக் காணியாயின் 16 பரப்பு ஓர் ஏக்கர். வயற் காணியாயின் 24 பரப்பு ஓர் ஏக்கர். பழைய உறுதிகளில் வரகுப் பயிருக்கு ஒரு கணக்கும் நெற்பயிருக்கு வேறொரு கணக்குமாக எழுதப்பட்டிருக்கும். பரப்பு என்னும் சொல் ஒன்றே. அதன் அளவோ விளைவுக்கேற்ப மாறுகின்றது. இது முறையற்ற அளவை என்று பள்ளிக்கூடத்துக் கணிதம் கூறும். கமக்காரனுக்கு இதில் முரண்பாடு தோன்றுவதில்லை. நிலம் எவ்வளவு நீண்டு அகன்று கிடக்கின்றது என்பதிலும் பார்க்க அது என்ன தரும் என்பதே அவனுக்கு வேண்டிய செய்தி. நிலத்தை அது தருவதைக் கொண்டு அளப்பவன், கலத்தை அது கொள்வதைக் கொண்டு அளப்பான் என்பதில் வியப்பில்லை.

கலங்களின் வரலாற்றிலும் நாம் காண்பது அதுவே. ஆங்கிலேயர் கப்பலின் அளவைக் குறிக்க வழங்கும் 'தொன்' என்னும் சொல், பழங்காலத்தில் வைன் நிறைத்த பெரும் பீப்பாயின் பெயரிலிருந்து பிறந்தது. எத்தனை பீப்பாய்களை ஏற்றலாம் என்பதே கப்பலின் அளவாக இருந்தது. 1854ஆம் ஆண்டு பிரித்தானியாவில் இயற்றப்பட்ட வணிகக் கப்பற் சட்டம், உள்ளே அடைபட்ட இடத்தில் 100 கன அடியை ஒரு பதிவுத் தொன் என வரையறுத்தது. பீப்பாய் மறைந்தது, ஆயினும் கொள்ளளவே அளவு என்னும் கருத்து நிலைத்தது. அதற்கும் ஏறத்தாழ 1800 ஆண்டுகள் முற்பட்ட உரோம ஆசிரியர் பிளினி, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட கடலைக் கூறுமிடத்து, அங்கு ஓடும் கலங்கள் 3000 சாடிகள் கொள்ளும் என்று எழுதினார். அக்கடல் ஆழமற்றது என்பதையும், ஒடுங்கிய நீர்வழியில் திரும்ப வேண்டாதபடி அக்கலங்கள் இரு முனையிலும் அணியம் உடையன என்பதையும் அவர் குறித்துள்ளார். நீளம் இத்தனை அடி என்று அவர் கூறவில்லை.

நம் புலவர்கள் இவ்வேறுபாட்டை வேறொரு வகையாற் புலப்படுத்தினர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில் இரு வகைக் கலங்கள் வருகின்றன. உப்பை விற்று நெல்லைக் கொண்டுவரும் பஃறிகள் கழிக்கரையில் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அவை இலாயத்திற் கட்டிய குதிரைகளுக்கு ஒப்பிடப்படுகின்றன. துறைமுகத்தில் அலைமேல் அசைந்து நிற்கும் நாவாய்களோ, கட்டுத்தறியை அசைக்கும் களிறுகளுக்கு ஒப்பிடப்படுகின்றன. ஒரே பாட்டிற் குதிரையும் யானையும் இவ்வாறு பகுக்கப்பட்டமை தற்செயலாக நிகழ்ந்ததென்று நான் கருதவில்லை. குதிரையைக் கட்டினால் அது நிற்கும். களிறு கட்டப்பட்ட நிலையிலும் தறியை அசைத்துக்கொண்டேயிருக்கும். பெரிய கலம் எது என்பதற்கு இதனினும் நுட்பமான விடையைக் காண்பது அரிது. கட்டிய இடத்தில் அடங்கிக் கிடப்பது சிறியது. கட்டிய கயிற்றுக்கும் கட்டியவனுக்கும் ஓயாத கவலையைத் தருவது பெரியது. நங்கூரமிட்ட கலத்திற் காற்று மாறும் இரவொன்றைக் கழித்தவர் எவரும் இதனை ஏற்றுக்கொள்வர்.

சொற்களும் இடத்துக்கிடம் வளர்ந்தும் தேய்ந்தும் வழங்குகின்றன. மட்டக்களப்பு வாவியில் ஒருவர் தோணி என்றால், ஒருவரோ இருவரோ அமர்ந்து வலை வீசும் சிறு மரக்கலத்தை நாம் எண்ணவேண்டும். தூத்துக்குடியில் ஒருவர் தோணி என்றால், கொழும்புக்கும் மாலைதீவுக்கும் நூற்றுக்கணக்கான தொன் சரக்கை ஏற்றிச் செல்லும் கலத்தை எண்ணவேண்டும். தூத்துக்குடித் தோணிகள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பாய்களின் வலியாலேயே ஓடின. பின்னரே இயந்திரம் பூண்டன. ஒரே மொழி, ஒரே சொல். இரண்டுக்கும் இடையே சில நூறு மைல் தொலைவு மட்டுமே. வாவியும் கடலும் அச்சொல்லுக்கு வெவ்வேறு உடம்பைக் கொடுத்துவிட்டன. ஆகவே, தோணி சிறியதா பெரியதா என்று அகராதியைக் கேட்பதிற் பயனில்லை. எந்தத் துறையில் நின்று கேட்கிறோம் என்பதை முதலிற் கூறவேண்டும்.

கொள்ளளவைப் போன்றே கலத்தை இயக்கும் கைகளின் எண்ணிக்கையும் ஓர் அளவாகும். இதன் உண்மையை அறிய எளிய கணக்கொன்று போதும். ஒரு கலத்தின் நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றும் இருமடங்காயின், அதன் பாயின் பரப்பு நான்கு மடங்காகும். அதன் பருமனோ எட்டு மடங்காகும். 40 அடிக் கலத்தை 80 அடியாக்கிய உரிமையாளர் இருமடங்கு கலத்தை வாங்கியதாக எண்ணுவார். எட்டு மடங்கு பாரத்தையும் நான்கு மடங்கு பாயையும் அவர் வாங்கியுள்ளார் என்பதை முதற் புயலே அவர்க்கு உணர்த்தும். இதனாலேயே தனித்துக் கடலோடும் மேனாட்டார், தாம் ஒருவரே சுருக்கத்தக்க பாயையும் தாம் ஒருவரே தூக்கத்தக்க நங்கூரத்தையும் கொண்டு கலத்தின் பெருமையை மதிப்பிடுகின்றனர். யோசுவா சிலோக்கம் என்பார் 1895ஆம் ஆண்டு பொஸ்ரன் துறையை விட்டுப் புறப்பட்டு, 1898ஆம் ஆண்டு உலகைத் தனியே வலம்வந்து முடித்தார். அவர் சென்ற 'ஸ்பிறே' 36 அடி 9 அங்குல நீளமுடையது. வணிகனின் கண்ணுக்கு அது சிறு படகு. துணையற்ற ஒருவர்க்கு அது போதிய பெருங்கலம்.

இவ்வகை அளவை விதியாகவே வகுக்க நேர்ந்த நிகழ்ச்சி ஒன்று 1976இல் நடந்தது. இங்கிலாந்தின் பிளிமத் துறையிலிருந்து அத்திலாந்திக்கைத் தனியொருவராகக் கடக்கும் ஓட்டப்போட்டியில், அலன் கொலா என்னும் பிரெஞ்சுக்காரர் 236 அடி நீளமுள்ள நான்கு பாய்மரக் கலத்தோடு கலந்துகொண்டார். அவர் நாட்டவரான எரிக் தபார்லி, பலர் சேர்ந்து செலுத்துதற்கென அமைந்த 73 அடிக் கலத்தில் தனித்துச் சென்று முதலிடம் பெற்றார். கொலா அவர்க்கு அடுத்துக் கரை சேர்ந்தார். அவருக்குப் பின்னே சேர்ந்தது மைக் பேர்ச் செலுத்திய 32 அடி நீளமான மூவுடற் கலம். கொலா மீது தண்டனையாக நேரம் கூட்டப்பட்டபோது, அச்சிறு கலம் இரண்டாம் இடத்துக்கு உயர்ந்தது. அடுத்து 1980இல் நடந்த போட்டியில், 56 அடிக்கு மேற்பட்ட கலங்களுக்கு இடமில்லை என்று விதிக்கப்பட்டது. மனிதன் ஒருவனுக்கு எது மிகப் பெரிது என்ற கேள்விக்கு அடிக்கணக்கில் ஓர் எல்லை அன்று குறிக்கப்பட்டது. அந்த மூவுடற் கலத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், கட்டுமரம் என்னும் நம் சொல்லிலிருந்து அம்மொழிக்குச் சென்ற பெயரின் வழிவந்தது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. மரங்களைக் கட்டி அலைமேல் மிதந்த நம் பரதவரின் சொல், ஏழு மடங்குக்கு மேல் நீளமான கலத்தைத் துரத்திச் சென்ற சிறு கலத்தின் பெயரிலே வாழ்கின்றது.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். நீர்வேலியிலிருந்து வடக்கே வல்லை வெளியைக் கடந்து சென்றால் வடமராட்சி வரும். அதன் கரையில் உள்ள வல்வெட்டித்துறை கப்பல் கட்டுவதிலும் கப்பல் ஓட்டுவதிலும் பெயர்பெற்ற ஊர். அங்கு 1930ஆம் ஆண்டளவிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்மரக்கப்பலின் கதை நம்மவர் பலரும் அறிந்ததே. ஏறத்தாழ 89 அடி நீளமும் இரு பாய்மரமும் உடைய அக்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகளே அதனைச் செலுத்திச் சென்றனர். சூயசுக் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக்குச் சமுத்திரம் ஆகியவற்றைக் கடந்து, 1938ஆம் ஆண்டு ஆகத்து மாதம் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அது அடைந்தது.

இக்கதையைக் கூறும் நாம் பெரும்பாலும் தூரத்தை எண்ணிப் பெருமிதம் கொள்கின்றோம். அந்த அமெரிக்கரின் பக்கத்திலிருந்து நோக்கினால் வேறோர் உண்மை புலனாகும். அவர் கடலுக்குப் புதியவரல்லர். 1928 முதல் 1931 வரை, கனவு என்னும் பொருளுடைய வடமொழிச் சொல்லால் 'சுவாப்' எனப் பெயரிட்ட 32 அடிச் சிறு கலத்தில் உலகை வலம்வந்தவர். அவ்வளவு சிறிய கலத்தில் உலகம் சுற்றியமைக்காகவே அவர் புகழ்பெற்றார். அத்தகையவர் 89 அடிக் கப்பலை வாங்கியபோது, தம் கையளவை விட்டுப் பிறர் கைகளை நம்பும் நிலைக்கு வந்தார் எனலாம். சுவாப் அவர்க்கு அளவான கலம். அன்னபூரணி அவர்க்குப் பெருங்கலம். வல்வெட்டித்துறைத் தண்டையலுக்கு அது பழகிய அளவுள்ள கப்பல். கரையில் நின்று பார்த்த நீர்வேலிக் கமக்காரன் ஒருவன் இருந்திருப்பின், அவனுக்கு அது மலை. குளொஸ்ரர் துறையில், பெரும் மீன்பிடிக் கப்பல்களைக் கட்டிப் பழகியவர் நடுவில், அது வியப்பிற்குரிய சிறு கப்பலாகவே தோன்றியிருக்கும். ஒரே கப்பல், ஒரே 89 அடி, பார்த்தவர் நால்வர்.

துறைமுகமும் தன் பங்குக்குத் தீர்ப்புக் கூறும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிற் கற்பார் நீண்டு கிடக்கின்றது. பாரமான கலம் கரையை அண்ட இயலாது. அது வெளியே நங்கூரமிட்டு நிற்க, வள்ளங்கள் சென்று சரக்கை ஏற்றியிறக்கும். சோழகக் காலத்தில் அக்கரை அமைதியாக இருக்கும். வாடை எழுந்ததும் அது வாழத் தகாத இடமாகிவிடும். சிறு வள்ளத்தை நாலு பேர் தூக்கி மணலிலே ஏற்றிவிடலாம். தூக்க முடியாத கலம் ஊர்காவற்றுறை போன்ற ஒதுங்கிடத்தைத் தேடவேண்டும். ஆகவே எங்கள் கரையில், ஊரவர் கைகொடுத்துக் கரையேற்றத்தக்கது சிறிய கலம் என்றும், ஊரே திரண்டாலும் கரையேற்ற முடியாதது பெரிய கலம் என்றும் கொள்வது பொருந்தும். இந்த அளவு அடிக்கணக்கைக் கேளாது, அயலவரைக் கேட்கின்றது.

உரிமையாளர்க்கு மற்றோர் அளவு உண்டு. அதனை அவர் வாய்விட்டுக் கூறுவது அரிது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் பெருஞ்சந்தையாக விளங்கியது. எங்கள் தறைகளிற் பட்டை இறைத்து, கெட்டு அழித்து, அரும்பு கிள்ளி வளர்த்த இலை, பாடமாக்கப்பட்டுச் சிப்பங்களாகக் கடலேறிற்று. சிப்பத்தைக் கப்பலில் ஏற்றியவனுக்கு அக்கப்பலின் நீளம் ஒரு பொருட்டன்று. ஓராண்டு உழைப்பு முழுவதும் அதன் ஒரு மூலையில் அடங்கிக் கிடக்கின்றது என்பதே அவன் அறிந்தது. கப்பலுடையானுக்கோ அக்கப்பலே தன் வாழ்நாள் உழைப்பு. அது திரும்பாவிடின் வீட்டின் நகையும் காணியும் அதனோடு போகும். இழந்தால் மீண்டும் எழ முடியும் என்ற அளவில் உள்ளது சிறியது; இழந்தால் எழ முடியாதது பெரியது. இந்த அளவையின்படி, ஏழை மீனவனின் கட்டுமரமும் பெருங்கலமே. செல்வந்தன் ஒருவனின் நூறடி உல்லாசக்கலமும் சிறியதே.

இழப்பை முன்கூட்டியே பிறர் தலையில் ஏற்றிவிட்ட உரிமையாளர்களும் இருந்தனர். காப்புறுதிப் பணம் கைக்கு வரும் என்ற துணிவில், அளவுக்கு மிஞ்சிய பாரத்தை ஏற்றிக் கப்பல்களை அனுப்பிய முதலாளிகளை எதிர்த்து இங்கிலாந்தில் சாமுவேல் பிளிம்சொல் போராடினார். அதன் பயனாக 1876ஆம் ஆண்டுச் சட்டம், கப்பலின் பக்கத்திற் பாரக்கோடு ஒன்றைக் கட்டாயமாக்கிற்று. முதலாளியின் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றிய கப்பல் மாலுமியின் கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றிய வழக்கு அது. ஒரே மரக்கலத்தை இருவரும் அளந்தனர். ஒருவர் ஏற்றக்கூடியதை அளந்தார், மற்றவர் தாங்கக்கூடியதை அளந்தார்.

இந்த இரண்டாம் அளவை எங்கள் ஊரவரும் ஒரு காலத்திற் கற்க நேர்ந்தது. 1990களின் முற்பகுதியில் ஆனையிறவுத் தரைவழி அடைபட்டிருந்தபோது, குடாநாட்டை விட்டு வெளியேறவும் உட்புகவும் கிளாலிக் கடல்நீரேரியே வழியாயிற்று. கடலைக் காணாத கமக்காரரும் ஆசிரியரும் நோயாளரும் மாணவரும் இருளிற் சிறு படகுகளில் ஏறினர். அக்கடப்பில் உயிரிழந்தோர் பலர். நான் சென்ற இரவில் என் அம்மம்மாவும் உடன் வந்தார். வாழைக்குலையின் சீப்பை எண்ணியே காலம் கழித்தவர். கடலில் முன்னொருபோதும் கால் நனைத்தவரல்லர். படகோட்டி அவரைக் கைபிடித்து ஏற்ற முனைந்தபோது, அவர் ஏறாமல் நின்று கேட்டார்:

"தம்பி, இந்தத் தோணி எத்தினை தரம் போட்டுத் திரும்பி வந்தது?"

"அதுக்குக் கணக்கில்லை ஆச்சி. நேற்றும் போட்டு வந்தது. நீங்கள் பயப்பிடாமல் ஏறுங்கோ."

அவர் ஏறி அமர்ந்தார். படகின் நீளத்தை அவர் கேட்கவில்லை. எத்தனை பேர் ஏறுவர் என்றும் கேட்கவில்லை. பலமுறை திரும்பி வந்த கலம் அவர்க்குப் போதிய பெரிய கலம். நாங்கள் கரை சேர்ந்தோம். பீப்பாயையும் கன அடியையும் பாரக்கோட்டையும் பற்றிப் பின்னாளில் நூல்களிற் படித்தபோதெல்லாம், அந்த வினாவையும் அவற்றோடு சேர்த்து வைக்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றியது. கப்பற்பதிவேட்டில் அதற்கு ஒரு நிரல் இல்லை. ஆயினும் தண்டையலின் மனைவியும் தாயும் கரையில் நின்று கலங்களை அளந்த அளவு அதுவாகவே இருந்திருக்கும்.

இவற்றையெல்லாம் நோக்கும்போது, பெருங்கலம் என்பதற்கு விடையே இல்லை என்று சிலர் முடிவு கட்டலாம். அம்முடிவு எனக்கு உடன்பாடன்று. ஒவ்வோர் அளவும் தெளிவானது, சரியானது, தனக்குரிய இடத்தில் உயிர் காப்பது. வணிகன் கொள்ளளவையும், தனித்துச் செல்வோன் தன் கைவலியையும், துறை தன் ஆழத்தையும், உடையவன் தன் இழப்பையும், பயணி திரும்பி வருதலையும் கொண்டு அளக்கின்றனர். ஓர் அளவை மற்றோரிடத்திற் புகுத்தும்போதே கேடு விளைகின்றது. மாலுமியின் வினாவுக்கு முதலாளியின் அளவால் விடையளித்ததாலேயே கப்பல்கள் மூழ்கின. 'எது பெரிது?' என்று கேட்பதற்கு முன், 'யார்க்கு, எதன்பொருட்டு?' என்று கேட்பதே முறை.

இவ்வினாவில் தமிழ் கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் தனிப்பட்ட பொறுப்பு ஒன்று உண்டு. நாவாய், வங்கம், கலம், அம்பி, பஃறி, திமில், ஓடம் எனப் பல சொற்களை நாம் பாடமாக்குகின்றோம். தேர்வில் அவையனைத்துக்கும் 'மரக்கலம்' என்று ஒரே பொருள் எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றோம். பஃறியைக் குதிரையாகவும் நாவாயைக் களிறாகவும் கண்ட புலவர்க்கு அவை ஒரு பொருட் சொற்களாக இருந்திரா. கலங்கள் மறைந்தபோது வேறுபாடுகளும் மறைந்தன. வேறுபாடுகள் மறைந்தபின் சொற்கள் வெறும் பட்டியலாயின. பாயை விட்டு இயந்திரத்துக்கும், மரத்தை விட்டுக் கண்ணாடி நாருக்கும் நம் கரைகள் மாறிவிட்டன. அம்மாற்றத்தைக் குறைகூறுவதற்கில்லை, மீனவர்க்கு அது உழைப்பைக் குறைத்துள்ளது. ஆயினும் பாய்க்கப்பல்களை அறிந்த தலைமுறையினர் சிலர் இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றனர். கலத்தின் உறுப்புகளுக்கும் காற்றின் வகைகளுக்கும் அளவுகளுக்கும் அவர்கள் வழங்கிய சொற்கள் பல, அச்சேறிய அகராதிகளுள் இடம்பெறாதவை.

நம் மாணவர்கள் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, வடமராட்சியிலும் தீவகத்திலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் உள்ள முதியோரிடம் இவ்வொரு வினாவையாவது கேட்டு வருவார்களாயின் நன்று: 'ஐயா, உங்கள் காலத்தில் எதைப் பெரிய கலம் என்பீர்கள்?' ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை கூறுவர். அவற்றைத் திருத்தாமல், ஒன்றாக்க முயலாமல், அவரவர் சொல்லிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.